ஜாக்கிக்கு ஒரு வியாழக்கிழமை

டிசம்பர் 31-ந் தேதி நள்ளிரவு ஆராதனை முடிந்து வீடு திரும்பும் சகோதரிகளைக் கவனித்திருக்கிறீர்களா? கையிலே வாக்குத்தத்த அட்டை. மனத்திலே ஒரு பெரிய தீர்மானம். "இந்த வருஷம் தினமும் நாலரை மணிக்கு எழுந்துவிடுவேன். மூன்று அதிகாரம் வேதம் வாசித்து, ஒரு மணி நேரம் ஜெபம் செய்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைப்பேன்!"

ஜனவரி முதல் வாரம் அப்படியே நடக்கும். இரண்டாவது வாரம் குழந்தைக்கு ஜுரம். மூன்றாவது வாரம் ஊரிலிருந்து நாத்தனார் வந்து இறங்குவாள். மாதக் கடைசியில் பார்த்தால், வேதப் புத்தகத்தின் மேல் பால் கணக்கு நோட்டு சௌகரியமாக உட்கார்ந்திருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் குத்தும். அந்தக் குத்தலுக்குப் பயந்தே அலமாரிப் பக்கம் போகாதவர்களும் உண்டு.

இதைச் சோம்பல் என்று நான் சொல்லமாட்டேன். பக்தி வற்றிவிட்டது என்றும் சொல்லமாட்டேன். விருந்தாளியை அழைத்துவிட்டு, உட்காரப் பாய் போட மறந்துவிட்டோம், அவ்வளவுதான். தீர்மானம் பெரிதாக இருந்தது. வீட்டிலே அதற்கு இடமும் வேளையும் ஒதுக்கவில்லை.

பாய் போடத் தெரிந்த ஓர் அம்மாளைப் பற்றி இந்த வாரம் சொல்கிறேன். அவர் இங்கிலாந்துக்காரர். ஆனால் அவருடைய கதையில் நம் தரங்கம்பாடிக்கும் ஒரு பங்கு உண்டு.

சூசன்னா வெஸ்லி 1669-ல் லண்டனில் பிறந்தவர். கணவர் சாமுவேல், லிங்கன்ஷைரில் எப்வொர்த் என்ற சிற்றூரின் குருவானவர். இந்தத் தம்பதிகளுக்குப் பிறந்த குழந்தைகள் 19. பிழைத்து வளர்ந்தவர்கள் 10 பேர்தான். மற்ற ஒன்பதையும் சிசுப் பருவத்திலேயே மண்ணுக்குக் கொடுத்தார் அந்தத் தாய். வீட்டிலே எப்போதும் பணமுடை. கடனைத் தீர்க்க முடியாமல் 1705-ல் கணவர் லிங்கன் கோட்டைச் சிறைக்கே போக நேர்ந்தது. அந்தச் சமயம் யார்க் நகரத்துப் பேராயர், "சாப்பாட்டுக்கே இல்லாமல் இருந்தது உண்டா?" என்று அம்மாளைக் கேட்டாராம். சாப்பாடு இல்லாமல் போனதில்லை என்றும், ஆனால் அது கிடைப்பதற்கு முன் பட்ட கவலையும், பிறகு அதற்குப் பணம் கொடுக்கப் பட்ட கவலையும் சேர்ந்து அதைக் கசப்பாக்கிவிட்டன என்றும் அவர் பதில் சொன்னார். மாதக் கடைசியில் மளிகைக் கடைப் பாக்கியை எண்ணிப் பார்க்கும் எந்தக் குடும்பத் தலைவிக்கும் இந்தப் பதில் விளங்கும்.

இவ்வளவு இல்லாமைக்கு நடுவிலும் அந்த வீட்டில் ஓர் ஒழுங்கு இருந்தது. குழந்தைக்குப் பேச்சு வந்தவுடன் பரமண்டல ஜெபம். எழுந்ததும் ஒரு தரம், படுக்கப் போகும்போது ஒரு தரம். ஐந்து வயது முடிந்ததும் எழுத்துப் பாடம். எழுத்து வந்ததும் முதல் வாசிப்பு ஆதியாகமம் முதல் அதிகாரம். காலை 9 முதல் 12 வரை, பிற்பகல் 2 முதல் 5 வரை அம்மாளே உபாத்தியாயினி.

இந்த ஒழுங்கெல்லாம் ஒரே இரவில் சாம்பலாயிற்று.

1709 பிப்ரவரி 9-ந் தேதி இரவு குருமனை தீப்பற்றிக் கொண்டது. கர்ப்பவதியாக இருந்த அம்மாள் நெருப்பினூடே நடந்து தப்பினார். மாடியில் அகப்பட்டுக் கொண்ட ஐந்து வயது ஜானை, ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி ஜன்னல் வழியாக இறக்கினார்கள். உடனே கூரை சரிந்தது. உயிர்கள் பிழைத்தன, வீடு போயிற்று. புது வீடு கட்டும் வரையில் குழந்தைகள் பல வீடுகளில் சிதறி வாழ்ந்தார்கள்.

திரும்பி வந்தபோது என்ன ஆயிற்று? பிற்காலத்தில், 1732-ல் எழுதிய கடிதத்தில் சூசன்னா அம்மாளே மறைக்காமல் சொல்லுகிறார். பேச்சிலே கொச்சை புகுந்துவிட்டது. முரட்டுப் பழக்கங்கள் வந்துவிட்டன. வேண்டாத பாட்டுகள் வாயில் ஏறிவிட்டன. ஓய்வுநாள் ஆசரிப்பு போய்விட்டது. பாடுபட்டு வளர்த்ததெல்லாம் சில மாதங்களில் கலைந்துவிட்டது!

சகோதரிகளே, இந்த இடத்தில்தான் நாம் அவரிடம் பாடம் கேட்க வேண்டும். பிரசவம், இடமாற்றம், மாமனாரின் நோய், ஒரு மரணம் என்று ஏதோ ஒரு 'தீ' நம் வீட்டு ஜெபத்தையும் கலைத்துவிடுகிறது. "எல்லாம் போயிற்று. இனி அடுத்த வருஷப் பிறப்புக்குப் பார்க்கலாம்" என்று உட்கார்ந்துவிடுகிறோம். அவர் உட்காரவில்லை. பழைய ஏற்பாட்டை அப்படியே ஒட்ட வைக்கவும் முயலவில்லை. புதிதாக ஒரு சிறு வழக்கத்தை ஆரம்பித்தார். காலையும் மாலையும் பாடம் தொடங்கும்போதும் முடியும்போதும் ஒரு சங்கீதம் பாட வேண்டும். மாலை ஐந்து மணிக்கு, மூத்த பிள்ளை பேசத் தெரிந்த கடைக்குட்டியை அழைத்துக் கொள்ளும்; இரண்டாவது பிள்ளை அதற்கடுத்த சிறிசை அழைத்துக் கொள்ளும். இப்படி ஜோடி ஜோடியாக உட்கார்ந்து, அன்றைய சங்கீதத்தையும் புதிய ஏற்பாட்டில் ஓர் அதிகாரத்தையும் பெரியது சிறியதற்குப் படித்துக் காட்டும். தாயார் ஒருத்தியே தொண்டை வறளக் கத்த வேண்டியதில்லை. பெரியவர்களுக்குப் பொறுப்பு, சின்னவர்களுக்குத் துணை. எவ்வளவு சமர்த்தான ஏற்பாடு, பாருங்கள்!

இனி தரங்கம்பாடிக்கு வருவோம்.

1706 ஜூலை 9-ந் தேதி சீகன்பால்க் என்ற ஜெர்மானிய இளைஞரும் அவருடைய தோழர் புளுட்சோவும் தரங்கம்பாடியில் கரையிறங்கினார்கள். டென்மார்க் தேசத்து அரசர் அனுப்பிய மிஷனரிகள் இவர்கள். சீகன்பால்க் நம் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தவர். 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவரும் அவரே. அவர்களுடைய கடிதங்கள் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு 1709-ல் லண்டனில் அச்சாயின.

1711-12 குளிர்காலத்தில் சாமுவேல் திருச்சபை மன்றக் கூட்டத்துக்காக லண்டன் போயிருந்தார். அவருடைய படிப்பறையில் மகள் எமிலி இந்தப் புத்தகத்தைக் கண்டெடுத்தாள். அதை வாசிக்கக் கேட்ட தாய்க்குப் பல நாள் வேறு நினைவே இல்லை. ஆனால் அவர் செய்யக்கூடியது என்ன? கப்பலேறித் தரங்கம்பாடிக்கு வர முடியுமா? குருப்பட்டம் பெற்றுப் பிரசங்கம் செய்ய முடியுமா? ஆணும் அல்ல, குருவும் அல்ல. இருந்தாலும் இதுவரை செய்ததைவிடக் கொஞ்சம் அதிகம் செய்யலாமே என்று நினைத்தார். எங்கே ஆரம்பிப்பது? தம் சொந்தப் பிள்ளைகளிடத்தில்!

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கிழமையை ஒதுக்கினார். திங்களன்று மாலி, செவ்வாய் ஹெட்டி, புதன் நான்ஸி, வியாழன் ஜாக்கி, வெள்ளி பாட்டி என்ற மார்த்தா, சனி சார்லஸ், ஞாயிறு எமிலியும் சூக்கியும். அன்று மாலை அந்தப் பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து, அதன் ஆத்துமாவைப் பற்றிப் பேசுவார். எட்டுப் பிள்ளைகளையும் ஒரே நாளில் உட்கார்த்தி வைத்துப் பேச எந்தத் தாயாலும் முடியாது. ஒரு நாளைக்கு ஒருவர் என்றால் முடிந்துவிடுகிறது.

அதே குளிர்காலத்தில் ஞாயிறு மாலைகளில் தம் வீட்டாருக்குப் பிரசங்கங்களை வாசித்துக் காட்டினார். வேலைக்காரப் பையன் தன் பெற்றோரிடம் சொல்ல, அக்கம்பக்கத்தார் வர, கூட்டம் 200 பேருக்கு மேல் பெருகிற்று. உதவிக்குரு லண்டனுக்குப் புகார் எழுதினார். பெண்பிள்ளை கூட்டம் நடத்துவதா என்று கணவருக்கும் தயக்கம். அம்மாள் மரியாதை குறையாமல், அதே சமயம் குனியாமல் பதில் எழுதினார்: நிறுத்த வேண்டுமானால் உங்கள் விருப்பம் என்று சொல்லாதீர்கள், நேரான கட்டளையாகவே அனுப்புங்கள், கடவுளின் நியாயத்தீர்ப்பில் அந்தப் பொறுப்பு என்மேல் விழக்கூடாது என்பது அதன் கருத்து. கட்டளை வரவில்லை. கூட்டம் நடந்தது!

ஜாக்கி என்பது வேறு யாருமில்லை. பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிதான். சென்னை ராயப்பேட்டையில் வெஸ்லி என்ற பெயரில் பள்ளிக்கூடம் இருக்கிறதல்லவா? அதே வெஸ்லி. சனிக்கிழமைக் குழந்தையான சார்லஸ், 6,000-க்கும் மேற்பட்ட கீர்த்தனங்களை எழுதியவர்.

1714-ல் பத்து வயதில் ஜான் லண்டனுக்குப் படிக்கப் போய்விட்டான். அவனுக்குக் கிடைத்த வியாழக்கிழமைகள் மொத்தம் இரண்டு வருஷத்துக்குக்கூட வராது. ஆனாலும் 1732-ல், ஆக்ஸ்போர்டில் பெரிய படிப்பாளியாக இருந்த 28 வயது மகன் தாயாருக்கு எழுதினார்: முன்பு எனக்கென்று வைத்திருந்த அந்த வியாழக்கிழமை மாலையின் சிறு பகுதியை இப்போதும் எனக்காகத் தாருங்கள் என்று. அதாவது, தமக்காக ஜெபிக்கும்படி. பட்டாடையையும் பலகாரத்தையும் பிள்ளைகள் மறந்துவிடலாம். தனக்கென்று தாய் ஒதுக்கிய கிழமையை மறப்பதில்லை.

உள்ளதை மறைக்காமல் சொல்ல வேண்டும். சூசன்னா அம்மாளின் கண்டிப்பு அதிகம். பிரம்புக்குப் பயந்து அடிபட்ட குழந்தைகூடச் சத்தமில்லாமல் அழவேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். அதை நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அன்றியும், செவ்வாய்க்கிழமைக் குழந்தையான ஹெட்டியின் வாழ்க்கை துயரமாகவே போயிற்று. மனத்துக்கு ஒவ்வாத விவாகம். பெற்ற குழந்தைகளின் மரணம். ஜெபவேளை என்பது கஷ்டம் வராமல் தடுக்கும் தாயத்து அல்ல. கஷ்டம் வரும்போது எந்தக் கதவைத் தட்டுவது என்று கால் தானாக அறிந்திருக்கும். அதற்காகத்தான் தினமும் நடந்து பழகுவது.

நம் வீட்டுக்கு இதிலிருந்து எடுத்துக் கொள்ளக்கூடியவை சில உண்டு.

வேளையைக் கடிகாரத்தோடு கட்டாமல் வீட்டு வேலையோடு கட்டுங்கள். நாலரை மணி தவறும். பால் காய்ச்சுவது தவறாது. பாலை இறக்கி வைத்ததும் ஒரு சங்கீதம் என்று வைத்துக் கொண்டால், பாலே உங்களுக்கு நினைவூட்டும்.

அளவைச் சிறிதாக வையுங்கள். ஜுர நாளிலும் விருந்து நாளிலும் செய்யக்கூடிய அளவே சரியான அளவு. பத்து நிமிஷம் போதும். மனம் பொங்குகிற நாளில் அரை மணி உட்காருங்கள். வேண்டாமென்று யார் சொன்னார்கள்?

வாசிப்பைக் குழந்தைகளுக்குப் பங்கிட்டுக் கொடுங்கள். அக்காள் தம்பிக்குப் படித்துக் காட்டினால் இரண்டு பேரும் கற்றுக் கொள்வார்கள்.

உங்களுக்கென்றும் ஒரு வேளை வேண்டும். காலை, நண்பகல், மாலை என்று குறித்துத் தம் தியானங்களை எழுதி வைத்தவர் அத்தனை குழந்தைகளைப் பெற்ற சூசன்னா அம்மாள். பிறருக்கு ஊற்றிக் கொண்டேயிருக்கும் குடத்தைக் குழாயடிக்கும் கொண்டுபோக வேண்டும் அல்லவா?

விட்டுப் போனால் மறுநாளே தொடங்குங்கள். விட்ட அதிகாரங்களையெல்லாம் சேர்த்துப் படித்துக் கடனைத் தீர்க்க முயல வேண்டாம். கடவுள் வட்டிக் கணக்குப் பார்ப்பவர் அல்லர்.

வேறு சமயத்துச் சகோதரிகளும் இதைப் படிப்பார்கள். அவர்கள் வீட்டு விளக்கேற்றும் வேளைக்கும் இது பொருந்தாமல் போகாது.

தொடர்கதையின் அடுத்த அத்தியாயம் இன்ன கிழமையில் வரும் என்று தெரிந்துதானே வாசலைப் பார்த்துக் காத்திருக்கிறோம்? கிழமை தெரிந்தால் ஆவலும் தானாக வந்துவிடுகிறது. இன்று என்ன கிழமை என்று பாருங்கள். உங்கள் வீட்டில் அது யாருடைய கிழமை? இன்று மாலையே அந்தக் குழந்தையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார்த்திக் கொள்ளுங்கள்.