டிபாசிட் போனால் வாக்கும் வீணா?

தொழிலாளத் தோழர்களே!

தேர்தல் என்றதும் நம் லயங்களில் ஒரு பேச்சு எழுகிறது. “சின்னக் கட்சிக்காரனுக்குப் போட்டால் ஓட்டு வீண், ஜெயிக்கிற பக்கம் பார்த்துப் போடு” என்பதே அது. பிரட்டுக்களத்திலும் பால் கொட்டகையிலும் ஆபீஸ் வாசலிலும் இதே பேச்சுத்தான். இது சரிதானா என்று நாம் நிதானமாகச் சிந்திக்க வேண்டும்.

2022 மார்ச் 12-இல் ஜொகூர் சட்டமன்றத்தின் 56 தொகுதிகளுக்கும் தேர்தல் நடந்தது. மலேசிய சோசலிசக் கட்சி கோத்தா இஸ்கண்டார் தொகுதியில் தோழர் அரங்கண்ணலை நிறுத்தியது. தொகுதியைத் தேசிய முன்னணி வென்றது. மாநிலத்தில் 40 இடங்களைப் பிடித்து ஆட்சியும் அமைத்தது. சோசலிசக் கட்சியின் வேட்பாளர் தோற்றார். அத்துடன் கதை முடிந்தது என்று பலர் பேச்சை விட்டுவிட்டனர்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். தேசிய முன்னணி பெற்ற வாக்குகள் நூற்றுக்கு 43. பெற்ற இடங்களோ நூற்றுக்கு 71. எதிர்ப்பக்கத்து வாக்குகள் சிதறியது உண்மையே. சிதறடித்தவர் யார்? ஒன்றோடொன்று மோதிக்கொண்ட பெரிய கூட்டணிகள்! ஒரு தொகுதியில் நின்ற ஏழைக் கட்சியின் தலையில் அந்தப் பழியைச் சுமத்துவது நியாயமாகுமா? அன்று நூற்றுக்கு 45 பேர் வாக்களிக்கவே இல்லை. எல்லைக் கட்டுப்பாட்டினால் சிங்கப்பூரிலிருந்து வர இயலாதவர்களைக் குறை சொல்ல மாட்டோம். வீட்டிலிருந்தும் வராதவரின் வாக்கே வீணான வாக்கு.

சட்டமன்றத்துக்கு நிற்பவர் கட்ட வேண்டிய டிபாசிட் 5,000 வெள்ளி. விளம்பரப் பலகைகளுக்காக மேலும் 3,000 வெள்ளி. எட்டில் ஒரு பங்கு வாக்குக்குக் குறைந்தால் அந்த 5,000 வெள்ளி பறிபோகும். அத்தேர்தல் நடந்தபோது பட்டணத்தில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,200 வெள்ளி; வெளியில் 1,100 வெள்ளி. நான்கு மாதச் சம்பளத்துக்கும் மேற்பட்ட தொகையைப் பந்தயம் வைத்தே ஒரு தொழிலாளி வேட்பாளராக முடியும். பணக்காரக் கட்சிக்கு இது சில்லறை, நமக்கோ அபராதம்.

சுங்கை சிப்புட்டை நினைத்துப் பாருங்கள். 1974 முதல் அங்கு நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த சாமிவேலுவை 2008-இல் வென்றார் டாக்டர் ஜெயக்குமார். 2013-இலும் வென்றார். சோசலிசக் கட்சிக்காரரான அவர் அவ்விரு முறையும் நின்றது கெஅடிலான் கட்சியின் சின்னத்தில். 2018-இல் சொந்தச் சின்னத்தில் நின்றபோது கிடைத்தவை 1,505 வாக்குகளே. மனிதர் அவரே, தொகுதியும் அதுவே, சின்னம்தான் மாறியது. ஆகவே வாக்கு எண்ணிக்கையை வைத்து ஒருவரின் உழைப்பை அளந்துவிடலாகாது. உழைப்பு மட்டுமே வாக்காக மாறிவிடும் என்று சிறு கட்சிகளும் நம்பியிருக்கலாகாது.

சட்டமன்றத்தில் நமக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். சம்பளச் சட்டம் மத்திய அரசின் கையில் இருக்கிறது. சட்டமன்றத்துக்கு நிற்பவர் யாரேனும் “சம்பளத்தை உயர்த்துவேன்” என்றால், “ஐயா, அது கோலாலம்பூரில் அல்லவா?” என்று கேளுங்கள். ஆனால் நிலம் மாநிலத்தின் கையில் இருக்கிறது. 40 எக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்ற, அந்தந்த மாநிலத்துத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். விவசாய நிலத்தை வீடமைப்பு நிலமாக மாற்றித் தருவதும் மாநில அரசே. தோட்டம் விற்கப்படும்போது லயத்துக் குடும்பம் எங்கே போகும், கோயிலும் தமிழ்ப்பள்ளியும் நிற்குமா என்பவை மாநில ஆட்சியைக் கேட்க வேண்டிய கேள்விகள். கேட்க ஒரு குரல் சட்டமன்றத்தில் வேண்டாமா?

ஆகவே நம் கிளைகள் ஒன்று செய்ய வேண்டும். தேர்தல் வந்தால், பெரிய கட்சியானாலும் சிறிய கட்சியானாலும், எல்லா வேட்பாளரிடமும் எழுத்து மூலம் மூன்று கேள்விகளைக் கேட்போம். தோட்டம் விற்கப்படுமுன் தொழிலாளிக்கு வீடு உறுதியா? தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு அதன் பெயரிலேயே நிலம் கிடைக்குமா? தேர்தல் முடிந்தபின் எந்தத் தேதியில் மீண்டும் எங்கள் லயத்துக்கு வருவீர்கள்?

பதில்களைக் கிராணித் தோழர்கள் பிரட்டுக்களத்தில் எல்லோரும் கேட்கப் படிக்கட்டும். மௌனம் சாதித்தவரின் பெயரையும் சேர்த்துப் படிக்கட்டும். சிறு கட்சிக்காரரும் இதற்கு விலக்கல்ல. தேர்தலுக்குத் தேர்தல் தோன்றி மறைபவரானால் அவருக்கும் நம் வாக்கு இல்லை.

நல்ல பதிலும் நீண்ட உழைப்பும் உள்ளவர் சிறு கட்சியில் இருந்தால், தயங்காமல் அவருக்கே வாக்களியுங்கள். அவர் தோற்கலாம், டிபாசிட்டும் போகலாம். நமக்கு எத்தனை வாக்கு உண்டு என்ற கணக்கு வென்றவரின் மேசைக்குப் போய்ச் சேரும். அந்தக் கணக்கைக் கண்டு அடுத்த முறை அவர் நம் வாசலுக்கு வந்தே ஆக வேண்டும்.

எவருக்கும் அடகு வைக்காத வாக்கு ஒருபோதும் வீணாவதில்லை. சிந்திப்பீர், தோழர்களே!