இலவசத்தின் எடை

ஜமுனாமரத்தூரில் ஒரு கல்லூரி மாணவன் கேட்டான்: "அக்காவுக்கு அரசு குடுத்த லேப்டாப் சார். 2 ஜிபி ராம். லினக்ஸ் போட்டும் நகர மாட்டேங்குது. தூக்கிப் போட்டுடவா?"

வேண்டாம் தம்பி. குற்றம் லினக்ஸ் மேல் இல்லை. அதற்குப் போர்த்திய டெஸ்க்டாப் என்கிற பட்டுப்புடவை மேல். க்னோம் அழகுதான், ஆன் செய்ததுமே கிட்டத்தட்ட ஒரு ஜிபியை விழுங்கிவிடும். எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி என்று எளிய பருத்தி ரகங்கள் உண்டு. ஏறத்தாழ பாதிதான் கேட்கும். பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்துவிட்டு, பிடித்ததை நிறுவலாம். பிரவுசரில் பத்துப் பக்கம் திறந்தால் இதுவும் திணறும். படிக்க, டைப் அடிக்கத் தாராளம்.

16 ஜிபியில் உட்கார்ந்துகொண்டு புதியவர்களுக்குப் பளபளப்பையே சிபாரிசு செய்யும் பட்டணத்து நிபுணர்களே, நான் வெறும் பி.காம். எனக்குத் தெரிந்த கணக்கு: 2011 முதல் லட்சக்கணக்கில் கொடுத்த லேப்டாப்கள் மக்களின் வரிப்பணம். இலவச மென்பொருளை ஓட்டப் புது மெஷின் வாங்கு என்றால், அது இலவசமே இல்லை.