ஒரு சிறு கோடு!

வாயிலில் காவலன் நின்றான். அவன் உறங்கவில்லை, கடமையில் தவறவுமில்லை. வந்தவர் ஒவ்வொருவரையும் உற்றுப் பார்த்துத்தான் உள்ளே விட்டான். ஆனாலும் வீடு கொள்ளை போயிற்று! எப்படி? கள்ளனின் ஒரு முகத்தை மட்டும் காட்டி, "இவனை விடாதே" என்று காவலனுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். கள்ளனோ வேறு முகத்தோடு வந்தான். வழிவிட்டு நின்றான் காவலன்.

கதையல்ல இது. 2024-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், இணையதளங்களை இயக்கும் பி.எச்.பி. என்ற நிரல்மொழிக்கு நேர்ந்த கதி!

ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பார் தமது சொந்தப் பக்கத்தை நடத்துவதற்காக 1994-ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கிய சிறு கருவி, பி.எச்.பி. இன்று விக்கிப்பீடியா இயங்குவதும் அதனால்; வேர்ட்பிரஸ் தளங்கள் இயங்குவதும் அதனால். கடைக்காரரின் கணக்கும், மாணவரின் விண்ணப்பமும், பயணியின் முன்பதிவும் அதன் வழியே போய் வருகின்றன. அந்த வாயிலிலே ஓட்டை என்றால், "அது கணிப்பொறிக்காரர் கவலை" என்று மற்றவர்கள் கைகட்டி நிற்க முடியுமா?

ஓட்டை எங்கே இருந்தது? இணைய முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் சில எழுத்துகள் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அவை வெளியார் அனுப்பும் செய்தி. செய்தியைச் செய்தியாக ஏற்கலாமே தவிர, எசமானனின் ஆணையாக ஏற்கலாகாது. ஆனால் சி.ஜி.ஐ. என்ற பழைய முறையிலே பி.எச்.பி.யை இயக்கும்போது, சமக்குறி இல்லாத செய்தி நேரே கட்டளை வரிசையிலே போய் அமர்ந்துகொள்ளும். அங்கே ஒரு சிறு கோட்டோடு தொடங்குவது எதுவானாலும் அது ஆணை! கோட்டோடு 'எஸ்' என்ற எழுத்தைச் சேர்த்தால், தளத்தின் மூலநிரல் அப்படியே திரையில் விரியும். கோட்டோடு 'டி' என்ற எழுத்தைச் சேர்த்தால், அமைப்புகளையே மாற்றி, அயலான் எழுதிய நிரலை அந்த இயந்திரத்திலே ஓடவிடலாம். வீட்டுக்காரன் விழித்திருக்க, விருந்தாளி பெட்டகத்தைத் திறந்த கதை!

இதற்குத் தடுப்பு முன்பு இருந்தது. 2004-ஆம் ஆண்டில் அது நீக்கப்பட்டது. எட்டாண்டுகள் எவர் கண்ணிலும் படவில்லை. 2012 ஜனவரியில், ஒரு போட்டியில் கலந்துகொண்ட நெதர்லாந்துக் குழுவினர் கண்டுபிடித்து முறைப்படி தெரிவித்தார்கள். மருந்து வருவதற்கு முன்பே, மே மாதத்தில், மறைத்து வைத்திருந்த குறிப்பு தவறுதலாக வெளியே வந்துவிட்டது. மே 3-ஆம் நாள் அவசர அவசரமாக ஒரு திருத்தம். அது போதாமல் மே 8-ஆம் நாள் மற்றொரு திருத்தம். "செய்தி கோட்டிலே தொடங்கினால் ஆணையாகக் கொள்ளாதே" என்றது அந்தத் திருத்தம். எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

பன்னிரண்டு ஆண்டுகள் ஓடின. தைவானில் உள்ள டெவ்கோர் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர் ஆரஞ்சு சாய் ஒரு கேள்வி கேட்டார்: கோடு என்பது ஒன்றுதானா?

அச்சுக்கோப்போர் அறிவர்; வரி முடிவிலே சொல்லை உடைக்க ஒரு கோடு போடுவதுண்டு. கணிப்பொறியில் அதற்கென மென்கோடு என்ற தனி எழுத்தே இருக்கிறது. காவலன் பார்த்தான், "இது அந்தக் கோடு அல்ல" என்று விட்டுவிட்டான். உள்ளே இருந்த விண்டோசோ, "இந்த எழுத்து என்னிடம் இல்லை, இதைப்போன்ற ஒன்றைத் தருகிறேன்" என்று சாதாரணக் கோடாக மாற்றிக் கொடுத்துவிட்டது! சீன, ஜப்பானிய மொழி அமைப்புள்ள விண்டோஸ் இயந்திரங்களிலே இந்த வித்தை பலித்தது. ஒரு மொழியின் எழுத்தை மட்டும் எண்ணிச் செய்த பூட்டு, வேறு மொழிகளின் வீட்டிலே தானாகத் திறந்துகொண்டது. உலகத்துக்கே நிரல் எழுதுவோர் இதை நெஞ்சிலே எழுதிக்கொள்ள வேண்டாமா?

2024 மே 7-ஆம் நாள் அவர்கள் தெரிவித்தார்கள். ஜூன் 6-ஆம் நாள் 8.1.29, 8.2.20, 8.3.8 ஆகிய பதிப்புகளிலே திருத்தம் வந்தது. ஆதரவு நிறுத்தப்பட்ட பழைய பதிப்புகளுக்கு மருந்தே இல்லை. இரண்டொரு நாளிலேயே, கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் கூட்டம் இந்த வழியாக நுழைந்துவிட்டது! எக்ஸாம்ப் என்ற இலவசத் தொகுப்பை விண்டோசிலே அப்படியே நிறுவிவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்த சிறு அலுவலகங்களின் கதவும் திறந்துதான் கிடந்தது.

"எழுத்தை மாற்றியது விண்டோஸ், பி.எச்.பி. என்ன செய்யும்?" என்று கேட்போர் உண்டு. "கட்டளையாக ஏற்றது பி.எச்.பி.; விண்டோஸ் என்ன செய்யும்?" என்று திருப்பிக் கேட்கலாம். இருவர் வாதத்திலும் உண்மை இருக்கலாம். ஆனால் இழப்பு இருவருக்கும் அல்ல. இரண்டையும் நம்பித் தன் கணக்கை ஒப்படைத்த மூன்றாமவனுக்கு! பொறுப்பு இரண்டு கைகளுக்கு நடுவே நழுவி விழும்போது, அடிபடுவது எளியவன் காலிலேதான்.

தீய எழுத்து இன்னது என்று பட்டியல் போட்டுத் தடுப்பது காவல் ஆகாது. இன்று மென்கோடு, நாளை எந்தக் கோடோ! நல்லது இன்னது என்று வரையறுத்து, அதை மட்டும் விட வேண்டும். மாற்றம் எல்லாம் முடிந்த பிறகு, பயன்படுத்தும் இடத்திலேயே சோதிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியாரின் சொல் கட்டளை வரிசைக்குப் போகும் பாதையையே அடைக்க வேண்டும். பழைய சி.ஜி.ஐ. முறையைக் கைவிடுங்கள், திருத்தம் வந்த அன்றே ஏற்றுங்கள். பொதுமக்களின் விவரங்களை வாங்கி வைத்திருக்கும் அலுவலகங்கள் இதைச் சலுகையாகச் செய்ய வேண்டாம், கடமையாகச் செய்யட்டும்!

வெளியிலிருந்து வருவது வேண்டுகோள். உள்ளிருந்து பிறப்பதே ஆணை. இந்த இரண்டுக்கும் நடுவே போட வேண்டிய கோட்டைப் போடாததால்தான், ஒரு சிறு கோடு உள்ளே நுழைந்தது!