கடைசற் பொறியும் கைவினை மயக்கமும்

ஊற்றுப் பேனாவை விரும்பிச் சேர்ப்போரிடையே அண்மைக் காலமாக ஒரு வழக்கு நடைபெற்று வருகிறது. ஒருவர் தமக்கென அளவு சொல்லிச் செய்விக்கும் பேனா, கையால் ஆளப்படும் கடைசற் பொறியில் உருவாக வேண்டுமா, கணனியின் ஆணைக்கு இயங்கும் பொறியில் உருவாகலாமா என்பதே அவ்வழக்கு. கையால் கடைந்ததற்கே உயிருண்டு என்பர் ஒரு சாரார். பொறியின் துல்லியத்துக்குக் கை எங்ஙனம் ஈடாகும் என்பர் மறுசாரார். இரு சாராரும் பேனாவைப் பற்றியே பேசுகின்றனர். அதனைக் கடைபவனைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை.

முதலிற் கைவினைத் தூய்மை பேசுவோரை நோக்குவோம். தமிழ்நாட்டின் திருவள்ளூரில் ரங்கா பேனாக்கள் எபனைற்றில், அதாவது கந்தகம் சேர்த்து இறுக்கிய இறப்பரில், கையாற் கடையப்படுகின்றன. அவற்றின் அழகை மறுப்பார் இலர். ஆயினும் அத்தகைய பேனாக்கள் பலவற்றில் எழுதும் முள், ஜேர்மனியின் போக் அல்லது யோவோ ஆலைகளிற் பொறியினால் ஆனது. எழுதுவது முள்ளே! காகிதத்தைத் தொடும் உறுப்பு ஆலையிற் பிறந்திருக்க, விரல் தொடும் உறுப்பு மட்டும் கையிற் பிறந்ததென்று பெருமை கொள்வது விந்தையே. கடைசற் பொறியும் ஒரு பொறிதான் என்பதை இவர்கள் நினைப்பதே இல்லை.

முன்னைய தலைமுறை இவ்வளவு எளிதில் ஏமாறவில்லை. ராஜமுந்திரியில் 1932இல் தொடங்கிய இரத்தினம் பேனாத் தொழில் சுதேசிய வேட்கையிற் பிறந்தது. காந்தியடிகள் 1935இல் அப்பேனாவைப் பாராட்டி மடல் எழுதினார். அது உண்மையிலேயே உள்நாட்டுப் பொருள்தானா என ஆராயும் பொறுப்பு தஞ்சாவூரிற் பிறந்த ஜே. சி. குமரப்பாவிடம் விடப்பட்டது. அவர்கள் கேட்ட வினா, யாருடைய உழைப்பு, யாருக்குக் கூலி என்பது. இன்றைய சேகரிப்பாளர் கேட்பதோ, தமது மேசைக்கு எது அழகு என்பது.

இவ்வழக்கிற்குக் கொழும்பிற் பிறந்த ஒருவரே அளவுகோல் தந்துள்ளார். கருவி வேறு, பொறி வேறு என்றார் ஆனந்த குமாரசுவாமி. கம்பளத் தறி நூலை இழுத்துப் பிடித்துக் கொடுக்கிறது, நெய்வது விரலே. எனவே அது கருவி. விசைத்தறி மனிதன் செய்யவேண்டிய பகுதியையே தான் செய்துவிடுகிறது. எனவே அது பொறி. கூர்மையான பாகுபாடுதான். ஆயினும் ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் தமது நூலை வில்லியம் மொறிஸின் கையச்சு இயந்திரத்தில் 1908இல் 425 படிகள் மாத்திரம் அச்சிட்டவரும் அவரே. அந்நூல் போற்றிய கண்டிக் கம்மாளருள் எத்தனை பேரால் அதனை வாங்கியிருக்க முடியும்? கைவினையைப் போற்றும் குரல் கைவினைஞனுக்கு எட்டாத விலையில் ஒலிப்பது இன்று நேற்றுத் தொடங்கியதன்று.

எனினும் அவ்வளவுகோல் பயனுடையதே. பேனா செய்வதில் மனிதப் பகுதி எது? மரை வெட்டுவதன்று. பிடிபகுதியும் உடலும் பொருந்தும் மரை சிறிது பிசகினாலும், உடலுக்குள் நேரே மை நிரப்பும் பேனா சட்டைப்பையை நனைத்துவிடும். அவ்விடத்தில் ஒரே அளவை ஓயாது காப்பது பொறிக்கே எளிது. அதனை ஏற்பதால் எவருடைய மாண்பும் குறையாது. ஆனால் எழுதுபவரின் விரற் பருமனைக் கண்டு பிடிபகுதியை எவ்வளவு மெலிவிப்பது, உடல் எங்கே வளைய வேண்டும், உளியை எப்போது நிறுத்துவது என்பன தீர்ப்புகள். கடைபவன் அவற்றை உளியின் அதிர்விலும் சுருளும் துருவலிலும் உணர்ந்து, அக்கணமே வழங்குகிறான். கணனிப் பொறியில் அத்தீர்ப்பு அழிந்துவிடுவதில்லை. வரைபவனின் மேசைக்கு இடம்பெயர்கிறது. பொறியருகே நிற்பவனுக்கு எஞ்சுவது கோலைச் செருகுவதும் பொத்தானை அழுத்துவதுமே. அவ்வேலையை எவருக்கும் சில நாளிற் கற்பிக்கலாம். ஆகவே அவனை எந்நாளும் விலக்கவும் செய்யலாம்.

பொறியைப் போற்றுவோர் மறைக்கும் உண்மையும் ஒன்றுண்டு. ஒரேயொரு பேனாவுக்காக ஆணைநிரல் எழுதிப் பொறியை ஒழுங்குசெய்வது கட்டுபடியாகாது. ஒரே வடிவம் நூற்றுக்கணக்கில் ஓடினாற்றான் பொறி தன் விலையை மீட்கும். எனவே ‘உமக்கென்றே செய்தது’ என்பது நாளடைவில் ‘நிறத்தை மட்டும் நீர் தெரிக’ என்றாகிவிடும். இறுதியிற் கையால் மெருகு தேய்த்துவிட்டு அதற்குக் ‘கைவினை’ என்று பெயர் சூட்டி விற்பது வெறும் ஏமாற்று.

கொழும்பு வாசிகளுக்குப் பேனா தொலைவிலுள்ள பொருளாகத் தோன்றலாம். வெள்ளவத்தை அவ்வளவு தொலைவில் இல்லை. அங்கு நெசவாலைத் தொழிலாளர் 1933இல் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுடைய பிணக்கு தறியோடன்று, கூலியோடு. கொட்டாஞ்சேனையை அடுத்த செட்டியார் தெருவின் நகைத்தொழிலோ இன்று இதே வாயிலில் நிற்கிறது. கணனியில் வரைந்து, மெழுகில் உருவெடுத்து, பொன்னில் வார்க்கும் முறை நகைத்தொழிலை மாற்றிவருகிறது. அதனைத் தடுக்க வேண்டும் என்பது வீண் கூச்சல். அக்கணனியின் முன் அமர்வது யார் என்பதே வழக்கு. கல்லின் இருக்கையையும் பொன்னின் இளக்கத்தையும் இருபது ஆண்டுகள் உலையருகே பயின்றவனுக்கு வரைகலையைக் கற்பிக்க ஓராண்டு போதாதா? அவனைப் பட்டறையிலிருந்து வெளியேற்றிவிட்டு, பொன்னைத் தொட்டறியாத ஒருவனை அவ்விருக்கையில் அமர்த்துவதற்கு எந்தத் துல்லியமும் நியாயமாகாது. கைவினையின் புகழ்பாடும் கனவான்கள் அவனுக்கு ஓர் இருக்கை கேட்டு இதுவரை எந்தக் கடை முதலாளியின் கதவைத் தட்டினார்கள்?