இல்லம் பேணுவோம்: கதவுக்கேற்ற மறைகீல்



சென்ற இதழில் மழைக்கு முன்னர்க் கூரையைச் சீர்செய்துகொள்வது பற்றி எழுதியிருந்தேன். அதனைப் படித்த அன்பர் ஒருவர் நிலையத்திலே என்னைக் கண்டு, "கூரை இருக்கட்டும் ஐயா, என் வீட்டு அலமாரிக் கதவு அடிக்கடி தொங்கிவிடுகிறது. மூன்று முறை கீல் மாற்றியாயிற்று. நல்ல கீல் எதுவென்று எழுதுங்களேன்" என்று கேட்டுக்கொண்டார். நல்ல கீல் எது என்று கேட்குமுன், நம் கதவுக்கு ஏற்ற கீல் எது என்று கேட்டல் வேண்டும். இவ்வுண்மையை நான் சற்று அதிக விலை கொடுத்தே கற்றேன்.

கழக்கூட்டத்திற்குக் குடிவந்த இரண்டாம் ஆண்டு, பூசைக் காலத்தில் கிடைத்த போனஸ் பணத்தைக் கொண்டு துணி அலமாரி ஒன்று செய்வித்தோம். மரத்தூள் பலகை, கதவு ஐந்தடி உயரம், இருபது அங்குல அகலம். ஒவ்வொரு கதவுக்கும் இரண்டு கீல்கள் போதுமென்று நானே கணக்கிட்டேன். சில திங்கள் சென்றபின் இல்லாள் விரும்பியதால், கதவொன்றில் நான்கடி உயரமுள்ள நிலைக்கண்ணாடியையும் ஒட்டுவித்தேன். ஆனி மாதத்து மழைநாளில், பள்ளிக்குப் புறப்பட்ட என் மகள் அக்கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். ரிப்பன் எடுக்க அடுத்த அறைக்கு அவள் சென்ற சிறுபொழுதில், மேற்கீல் பெயர்ந்து கதவு சாய்ந்தது. கண்ணாடி நொறுங்கிக் கூடமெங்கும் சிதறிற்று. குழந்தைக்கு ஒன்றும் நேரவில்லை. எனினும் அன்று முழுதும் என் கை பயணச்சீட்டுக் கணக்கை எழுதிற்றேயன்றி மனம் அதில் படியவில்லை.

கடைக்காரரைக் கடிந்துகொள்ளப் புறப்பட்ட என்னை, அண்டையில் வாழும் முதிய ஆசாரியார் தடுத்தார். விழுந்த கீலை எடுத்துக் காட்டினார். கீல் சிறிதும் வளையவில்லை. அதன் திருகாணிகள்தாம் ஈரத்தில் உப்பிய பலகைத் தூளோடு பிய்ந்து வந்திருந்தன. "சாரே, கீலின்மேல் குற்றமில்லை. நால்வர் தூக்க வேண்டிய பல்லக்கை இருவர் தோளில் ஏற்றிவிட்டீர்கள்" என்றார் அவர். கீழே நான் எழுதுவனவற்றுள் பெரும்பகுதி அவரிடம் கேட்டறிந்தது.

முதலில் பெயர். நம் முன்னோர் கதவுகள் கீலின்றிக் குடுமியிலே சுழன்றன. மரத்தில் செதுக்கிய அக்குடுமி மேலும் கீழும் குழியில் அமர்ந்து திரும்பும். இரும்புக் கீலை இந்நாட்டார் 'விஜாகிரி' என்பர். போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது அது. நாம் பேசப்போவது, கதவை மூடினால் வெளியே தெரியாத மறைகீல். கடையில் 'ஆட்டோ ஹிஞ்ச்' என்று கேட்டால் இதனைத் தருவார்கள். இதற்கு மூன்று உறுப்புகள் உண்டு: கதவின் உட்புறத்தில் துளையிட்டுப் பதிக்கும் கிண்ணம், அலமாரியின் பக்கப்பலகையில் திருகும் தகடு, இரண்டையும் இணைக்கும் கை. கிண்ணத்தின் விட்டம் பெரும்பாலும் 35 மி.மீ.; ஆழம் ஏறத்தாழ 12 மி.மீ. எனவே 16 முதல் 19 மி.மீ. வரை கனமுள்ள கதவுக்கே இது பொருந்தும். மெல்லிய பலகையில் துளையிட்டால் மறுபுறம் புடைத்துவிடும்.

அடுத்து, கையின் வளைவு. இதனைக் 'கிராங்க்' என்பார்கள். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். கதவு பக்கப்பலகையின் விளிம்பை முழுதும் மூடி அமருமானால், நேரான கையுடைய 0 கிராங்க் வேண்டும். நடுப்பலகை ஒன்றை வலக்கதவும் இடக்கதவும் பாதி பாதியாகப் பகிர்ந்துகொள்ளுமானால், சிறிது வளைந்த 8 கிராங்க் வேண்டும். கதவு சட்டத்தின் உள்ளே, பக்கப்பலகைகளுக்கு இடையில் அமருமானால், மிக வளைந்த 16 கிராங்க் வேண்டும். சில கடைகளில் இவ்வெண்கள் ஒன்றிரண்டு கூடியும் குறைந்தும் வழங்கும், வகை மூன்றே.

நம் நிலையத்தின் வழியே செல்லும் கொல்லம் – திருவனந்தபுரம் இருப்புப்பாதை 1976-இல் மீட்டர் பாதையிலிருந்து அகலப்பாதையாயிற்று. 1,000 மி.மீ. இடைவெளிக்குச் செய்த வண்டி, எத்துணைச் சிறந்ததாயினும், 1,676 மி.மீ. பாதையில் ஓடாது. வளைவு மாறிய கீலும் அத்தகையதே. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினும் கதவு மூடாது.

அளவெடுக்கும் முறையும் எளிதே. பக்கப்பலகை 18 மி.மீ. கனமென்று கொள்வோம். ஓரத்துக் கதவு அதில் 15 அல்லது 16 மி.மீ. வரை மூடட்டும், மீதி, கதவு உராயாமல் திரும்புவதற்கான இடைவெளி. நடுப்பலகையாயின் ஒவ்வொரு கதவுக்கும் ஏறத்தாழ 8 மி.மீ. கிடைக்கும். கதவின் விளிம்பிலிருந்து கிண்ணத் துளை வரையுள்ள தூரம் 3 முதல் 6 மி.மீ. வரை இருத்தல் வழக்கம். அத்தூரம் ஒரு மி.மீ. கூடினால் கதவு ஒரு மி.மீ. அதிகமாக மூடும், தகட்டின் உயரம் ஒரு மி.மீ. கூடினால் ஒரு மி.மீ. குறைவாக மூடும். இவ்விரண்டையும் நினைவிற்கொண்டு, கீலோடு வரும் அட்டவணையைப் பார்த்தால் குழப்பமிராது. தச்சர் அங்குலத்தில் பேசினும் கீலின் கணக்கு மி.மீ. தான், ஓர் அங்குலம் 25.4 மி.மீ. என்பதை மறவாதீர்கள்.

இனி, எத்தனை கீல்கள்? இரண்டடிக்கு மேற்படாத அகலமுள்ள கதவுக்கு, 900 மி.மீ. உயரம் வரை இரண்டு. 1,600 வரை மூன்று. 2,000 வரை நான்கு. 2,400 வரை ஐந்து. எடையைப் பார்த்தால், ஏறத்தாழ 6 கிலோ வரை இரண்டு. 12 வரை மூன்று. 17 வரை நான்கு. இவ்விரு கணக்கில் எது மிகுதியோ அதனையே கொள்ள வேண்டும்.

என் கதவின் கணக்கைப் பாருங்கள். ஐந்தடி என்பது 1,524 மி.மீ.; உயரத்தாலேயே மூன்று கீல்கள் வேண்டும். பலகையின் எடை ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோ. நான் ஒட்டிய கண்ணாடி நான்கடிக்குப் பதினைந்து அங்குலம். கனம் 5 மி.மீ. மெல்லியதுதானே என்று எண்ணினேன். ஆனால் 5 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்குப் பன்னிரண்டரைக் கிலோ. அதாவது, 18 மி.மீ. பலகைக்கு ஏறத்தாழ நிகரான எடை. ஆகவே கூடிய எடை ஆறு கிலோவுக்குச் சிறிது குறைவு. மொத்தம் பதினைந்தைக் கடந்தது. நான்கு கீல்கள் வேண்டிய இடத்தில் இரண்டைப் பூட்டி, நான் மிச்சம் பிடித்தது இரண்டு கீல்களின் விலை மட்டுமே! கண்ணாடி ஒட்ட விரும்புவோர் முன்னரே இக்கணக்கைப் போட்டுக்கொள்வாராக.

மேல், கீழ்க் கீல்களைக் கதவின் முனைகளிலிருந்து ஏறத்தாழ நான்கங்குலம் உள்ளே அமைக்கலாம். உள்தட்டு வரும் இடத்தில் கீல் வாராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கதவின் எடை மேற்கீலை வெளியே இழுக்கும். ஆதலின் கனத்த கதவுக்குக் கூடுதலான கீலை மேற்கீலுக்கு அண்மையில் வைப்பது நலம்.

பலகையைப் பற்றியும் ஒரு சொல். இங்கே தென்மேற்குப் பருவமழையும் பெய்யும்; வடகிழக்குப் பருவமழையும் பெய்யும். மரத்தூள் பலகை ஈரத்தில் உப்பினால் திருகாணியின் பிடி போய்விடும். சமையலறைக்கு ஐ.எஸ். 710 அல்லது ஐ.எஸ். 303 முத்திரையுள்ள நீர்தாங்கு ஒட்டுப்பலகையே ஏற்றது. 303-இல் நீர்தாங்கும் தரம்தானா என்று கேட்டு வாங்குங்கள். கடற்காற்று நம்மூரை எட்டுவதால், முலாம் பூசிய கீலைவிட 304 தரத் துருவேறா எஃகுக் கீல் நெடுநாள் உழைக்கும். காந்தத்தில் ஒட்டவில்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள். மட்டமான 202 தரமும் ஒட்டாது.

வாடகை வீட்டில் இருப்போர் பழைய கீலையே கழற்றிக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். கிண்ணம் ஒன்றாயினும், அதன் இருபுறத் திருகுத் துளைகளின் இடைவெளி 45, 48, 52 மி.மீ. என வேறுபடும். பொருந்தாததை வாங்கினால் உரிமையாளரின் கதவில் புதுத்துளை விழும். முன்பணத்தில் அதற்கும் கணக்கு எழுதப்படும்.

கதவு சிறிதே சாய்ந்திருந்தால் கீலை மாற்றவே வேண்டாம். கையின் முன் திருகு கதவை இடம் வலமாக நகர்த்தும். பின் திருகு முன்னும் பின்னுமாக. தகட்டின் திருகுகள் மேலும் கீழுமாக. கைத்திருப்புளியால் கால் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். என்னிடம் கேட்ட அன்பரும் இதனையே முதலில் செய்து பார்ப்பாராக. பிறகும் தொங்கினால், கீலின் எண்ணிக்கையையும் திருகாணியின் பிடியையும் ஆராய்க.

கடைக்குச் செல்லுமுன் ஒரு சீட்டில் ஐந்தை எழுதிக்கொள்ளுங்கள்: கதவின் உயரமும் அகலமும், கதவின் கனம், பக்கப்பலகையின் கனம், கதவு அமரும் முறை, கண்ணாடி உண்டா இல்லையா என்பது. அந்நிய ஊரில் மொழி தடுமாறலாம். எழுதிய அளவு தடுமாறாது.

எங்கள் அலமாரிக்கு இப்போது ஒட்டுப்பலகைக் கதவும் நான்கு கீல்களும் உள்ளன. நிலைக்கண்ணாடியைச் சுவரில் மாட்டிவிட்டோம்.

அடுத்த திங்கள், சமையலறை நீர்த்தொட்டியின் கசிவைப் பற்றி எழுதுவேன்.