மகள் மட்டும் அல்லர், ஆசானும் தாயும்!

தனித்தமிழ் வரலாற்றைப் பேசப் புகுவோர் எவராயினும் பல்லாவரத் தோட்டத்திலேயே தொடங்குவர். 1916ஆம் ஆண்டில் ஒருநாள் மறைமலையடிகளார் தம் மகள் நீலாம்பிகையுடன் அத்தோட்டத்தில் உலவிக்கொண்டிருந்தார். வள்ளலார் பாடல் ஒன்றைப் பாடியவர், அதிலுள்ள ‘தேகம்’ என்னும் வடசொல் நின்ற இடத்தில் ‘யாக்கை’ என்னும் தமிழ்ச்சொல் நின்றிருப்பின் ஓசையின்பம் இன்னும் மிகுந்திருக்கும் என்றார். அன்று தொட்டுப் பிறசொல் விரவாது பேசவும் எழுதவும் தந்தையும் மகளும் உறுதி பூண்டனர்.

இவ்வளவும் சொல்லிப் பேசுவோர் நின்றுவிடுகின்றனர். அம்மகளுக்கு அன்று அகவை பதின்மூன்று என்பதும், அதன்பின் அவர் ஆற்றிய பணி யாது என்பதும் பலர் வாயில் வருவதில்லை. இது சிறு குறையன்று. உறுதி பூணுதல் ஒருநாள் செயல். அதனை நாடோறும் வாழ்ந்து காட்டுதலே அரிய செயல். அவ்வரிய செயலைச் செய்தவர் நீலாம்பிகையம்மையார்.

1903இல் பிறந்த அவர், தந்தையாரிடம் தமிழ் கற்றுச் சென்னையில் மகளிர் பள்ளியில் தமிழாசிரியராய் அமர்ந்தார். இருபத்திரண்டாம் அகவையளவில், 1925இல், அவருடைய ‘தனித்தமிழ்க் கட்டுரைகள்’ வெளிவந்தது. ‘தனித்தமிழில் எழுத இயலுமா?’ என்று நகைத்தோருக்கு அந்நூலே விடையாயிற்று. பெண்பிள்ளைகளுக்குப் பெண்களின் வரலாறே வழிகாட்டுமெனத் தெளிந்து, ‘முப்பெண்மணிகள் வரலாறு’ முதலியவற்றையும் எழுதினார்.

அவர்தம் நூல்களுள் தலையாயது ‘வடசொல் தமிழ் அகரவரிசை’. மாணவி ஒருத்தி ‘சந்தோஷம்’ என்றெழுதினால், ‘பிழை’ என்று கோடிட்டு அடிப்பது எவர்க்கும் எளிது. ‘மகிழ்ச்சி’ என்னும் சொல்லை எடுத்து அவள் கையில் கொடுப்பதே ஆசிரியர் கடன். தமிழில் எழுத விழைந்தும் உரிய சொல் வாராது இடர்ப்பட்டோர் அந்நாளில் மிகப் பலர். அவர்களை இகழாது, வடசொல்லையும் அதற்கு நேரான தமிழ்ச்சொல்லையும் அடுத்தடுத்து நிறுத்திக் காட்டிற்று அந்நூல். வகுப்பறையில் செய்த பணியை அம்மையார் நாடு முழுமைக்கும் செய்தாரென்க.

1927இல் அவர் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தைத் தோற்றுவித்தவருள் ஒருவரான திருவரங்கனாரை மணந்தார். மக்கள் பலரைப் பெற்று வளர்த்தார். தொட்டிலும் ஏட்டுக்கட்டும் ஒரு வீட்டில் ஒன்றையொன்று தடுக்கும் என்பாருக்கு அவ்வீடு மறுமொழி கூறிற்று.

1938இல் சென்னை மாகாண அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. ‘வீட்டுப் பெண்டிர்க்கு மொழிப்போர் எதற்கு?’ என்று கேட்டோர் அன்றும் இருந்தனர். அவ்வாண்டு நவம்பர் 13ஆம் நாள் சென்னையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடிற்று. அதற்குத் தலைமை தாங்கியவர் நீலாம்பிகையம்மையார். ஈ.வெ.இராமசாமியை இனிப் ‘பெரியார்’ என்றே அழைத்தல் வேண்டுமென முடிவு செய்ததும் அம்மாநாடே. மறுநாளே மகளிர் பள்ளி வாயிலில் மறியல் செய்து சிறைப்பட்டனர். அக்கிளர்ச்சியில் சிறை சென்ற பெண்கள் 73 பேர். அவர்களுடன் சென்ற குழந்தைகள் 32 பேர். 1940 பிப்ரவரியில் கட்டாய இந்தி நீங்கியது. அவ்வெற்றியில் தாய்மாரின் பங்கு எத்துணை என்பதற்கு அக்குழந்தைகளின் எண்ணிக்கையே சான்று.

நாற்பதைச் சற்றே கடந்த அகவையில் அம்மையார் மறைந்தார். தந்தையார் 1950 வரை வாழ்ந்தார். தம்மோடு உறுதி பூண்ட மகளை இழந்தபின்னரும் அம்முதியவர் அவ்வுறுதியோடு இருக்க வேண்டியதாயிற்று.

தமிழ் கெடுவதும் தழைப்பதும் மேடையில் அன்று, வீட்டிலும் வகுப்பறையிலுமே. ‘சோறு’ என்பதை இழிந்த சொல்லாக எண்ணிச் ‘சாதம்’ என்றனர். இன்று அதுவும் போய் ‘ரைஸ்’ வந்துள்ளது. சோறு ஊட்டும் கையே அச்சொல்லையும் ஊட்டுகிறது. அக்கை பிழைபடின் ஆயிரம் மாநாடுகள் கூடியும் பயனில்லை.

ஆகலின், அம்மையாரைத் தோட்டத்தில் தந்தை சொற்கேட்டு நின்ற சிறுமியாக மட்டும் நினைத்தல் போதாது. சொல் தேடித் தந்த ஆசானாகவும், தொட்டிலை ஆட்டிக்கொண்டே நூல் யாத்த தாயாகவும் நினைத்தல் வேண்டும். அவர்க்குக் கல்லில் சிலை எழுப்பினும் எழுப்புக. அதனினும் மேலாக, ஒவ்வொரு தமிழ்த்தாயும் நாளுக்கொரு பிறசொல்லைத் தன் வீட்டினின்று நீக்கி, அவ்விடத்தில் ஒரு தமிழ்ச்சொல்லைக் குழந்தையின் நாவில் வைப்பாளாக! ஒரு மகளின் உறுதி அன்று ஓர் இயக்கமாயிற்று. தாய்மாரின் உறுதி நாளை நாடாகும்.