கூடாரத்தில் கழியும் வாரங்கள்



எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 8,849 மீட்டர். நேபாளப் பக்கத்து அடிவார முகாம் ஏறத்தாழ 5,364 மீட்டரில் இருக்கிறது. எஞ்சியிருப்பது மூன்றரைக் கிலோமீட்டர் உயரமே. ஆயினும் அங்கு வந்து சேருகிறவர்கள் உடனே உச்சிக்குப் புறப்படுவதில்லை. வாரக்கணக்கில் கூடாரத்தில் தங்குகின்றனர். மேலுள்ள முகாம்கள் வரை ஏறி, ஓரிரு இரவு உறங்கி, மீண்டும் அடிவாரத்துக்கே இறங்கிவிடுகின்றனர். பார்க்கிறவனுக்கு இது வீண் அலைச்சலாகவே தோன்றும்.

காற்றில் ஆக்சிஜனின் விகிதம் எங்கும் நூற்றுக்கு 21தான். உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறைவதால், அடிவார முகாமில் ஒரு மூச்சுக்குக் கிடைப்பது கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதி. உச்சியில் மூன்றில் ஒரு பங்கு. காத்திருக்கும் நாட்களில் உடல் ஓசையின்றி வேலை செய்கிறது. முதலில் மூச்சு ஆழமாகிறது. அதனால் இரத்தத்தில் மிகும் காரத்தன்மையைச் சிறுநீரகங்கள் சரிசெய்கின்றன. எலும்பு மஜ்ஜை மெதுவாகச் சிவப்பணுக்களைப் பெருக்குகிறது. மன உறுதியைக் கொண்டு இவற்றில் ஒன்றையும் அவசரப்படுத்த முடியாது. பொறுக்காமல் ஏறினவனுக்கு நுரையீரலில் நீர் கோக்கும், மூளை வீங்கும். கட்டுடல் வாலிபனுக்கும் விலக்கில்லை. அப்போது முதல் மருந்து, கீழே இறங்குவதே.

2025 மே மாதத்தில் பிரித்தானியர் நால்வர் லண்டனிலிருந்து புறப்பட்டு ஒரு வாரத்துக்குள் உச்சியை அடைந்தனர். முன்னதாகச் செனான் வாயுவைச் சுவாசித்ததே அதற்குக் காரணம் என்று பெரிதாகப் பேசப்பட்டது. அவ்வாயு மலையேற்றத்திற்குப் பயன்படும் என்பதற்குச் சான்றில்லை என்று பன்னாட்டு மலையேற்றக் கூட்டமைப்பு அவ்வாண்டின் தொடக்கத்திலேயே கூறியிருந்தது. அவர்களுடைய துணிவை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பயணத்துக்கு முன் பல வாரங்கள், ஆக்சிஜன் குறைக்கப்பட்ட கூடாரங்களுக்குள் அவர்கள் உறங்கிப் பழகியிருந்தனர். ஆகவே காத்திருப்பு ஒழியவில்லை; மலையடிவாரத்தை விட்டு வீட்டுக்குள் வந்துவிட்டது, அவ்வளவே.

மோசே சீனாய் மலையில் ஏறியபோதும் மேகம் ஆறு நாள் மலையை மூடியிருந்தது. ஏழாம் நாளில்தான் அவருக்கு அழைப்பு வந்தது. சீனாய் என்று வழிவழியாகக் காட்டப்படும் மலை 2,285 மீட்டர்தான். மூச்சுக்காக அவர் காத்திருக்க வேண்டிய உயரமன்று. அந்த ஆறு நாட்களில் அவர் என்ன செய்தார் என்று வேதம் ஒரு சொல்லும் கூறவில்லை. அந்த மௌனத்தைப் பற்றி நாம் பிரசங்கிப்பதும் அரிது.

பிரியமானவர்களே, நான் ஒன்றை அறிக்கையிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், ஞானஸ்நானம் பெற்று நான்கே மாதமான ஒரு வாலிபனிடம் ஒலிவாங்கியைக் கொடுத்தேன். நாவன்மை உடையவன். அவன் பேசுகையில் கூட்டம் அசைந்தது, நானும் மகிழ்ந்தேன். பாராட்டு வந்தபோது அவனுக்கு நிற்கத் தெரிந்தது. முதல் நிந்தை வந்தபோது தெரியவில்லை. ஓராண்டுக்குள் சபைக்கு வருவதையே நிறுத்திவிட்டான். அவனுடைய விசுவாசம் பொய்யென்று சிலர் கூறினீர்கள். அதை நான் ஏற்கவில்லை. ஆயத்தமாகாத உடலை உயரத்திற்கு அனுப்பியவன் நான். அவன் வீட்டுக்குப் போய் அதைச் சொல்லவே எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

இப்போது மூன்று வாலிபர்கள் ஊழியத்திற்கு முன்வந்திருக்கிறார்கள். மூவரும் தாலந்துள்ளவர்கள். இவ்வாண்டு அவர்களுக்குப் பிரசங்க பீடம் இல்லை. முதியோர் இல்லத்துச் சந்திப்பும் ஓய்வுநாள் பள்ளியில் சிறு பிள்ளைகளின் வகுப்பும் உண்டு. அவ்வப்போது சிறு கூட்டங்களில் சாட்சி கூறிவிட்டு மீண்டும் அந்த வேலைகளுக்கே திரும்புவார்கள். பெற்றோரில் இருவருக்கு என்மேல் மனத்தாங்கல் இருப்பதை அறிவேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர்கள் என் அறைக்கு வரலாம், நான் காத்திருப்பேன்.